பாஸான போர்டு

அந்தப் பட்டறையில் அவளுக்குப் பாஸக்கா என்று பேர். சோதனை மேசையில் பச்சை விளக்கு எரிந்ததும், யாருக்கும் கேட்காத குரலில் "பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த போர்டைக் கையில் எடுப்பாள். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான். எட்டு மேசை தள்ளி உட்கார்ந்து திருகாணி முடுக்குகிறவளுக்கே கேட்டது. ஒரு வார்த்தையை நாளுக்கு முந்நூறு தடவை சொன்னால் பேர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

போர்டு என்றால் சீட்டுக்கட்டு அளவுதான். அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடம், கோழிப்பண்ணை, தண்ணீர் மோட்டார், கடை வாசலில் ஓடும் விளம்பரத் திரை என்று எங்கெங்கோ போகிறது. விலை மலிவு, அதுதான் அதன் பெருமை. ஏன் மலிவு என்பதை, இந்தச் சிப்பு பட்டறைக்கு வந்த முதல் வாரம் இன்ஜினியர் தம்பி சாப்பாட்டு வேளையில் விளக்கினான். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு பாஷை உண்டாம். மற்ற சிப்புகளின் பாஷைக்கு ஒரு முதலாளி இருக்கிறான், அவனைக் கேட்காமல் அந்தப் பாஷையில் யாரும் சிப்பு செய்யக் கூடாது. இதன் பாஷைக்கு முதலாளியே கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், கேட்க ஆளில்லை என்றான். ரிஸ்க்-ஃபைவ் என்று பேர் வேறு சொன்னான். பேரிலேயே ரிஸ்க் இருக்குதே தம்பி என்று திருகாணிக்காரி கேட்டுவைக்க, அன்றைக்குச் சாப்பாடு யாருக்கும் சரியாக இறங்கவில்லை, அவ்வளவு சிரிப்பு.

அவள் வேலை இதுதான். போர்டில் சோதனைக் கார்டைச் செருக வேண்டும். ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கரண்ட் கொடுத்து, மூன்று எண்ணிவிட்டு விரலை எடுக்க வேண்டும். மிச்சத்தைக் கார்டு பார்த்துக்கொள்ளும். போர்டின் நினைவகத்தில் என்ன இருந்தாலும் அடியோடு துடைக்கும். துடைத்த இடம் முழுக்கப் புதிதாக எழுதும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். நாலு நிமிஷத்தில் பச்சை, அல்லது சிவப்பு. துடைக்காமல் சோதிப்பது பட்டறையில் பெரிய குற்றம். பழைய எழுத்து எதாவது உள்ளே கிடந்தால் கோளாறு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், போர்டு வாங்கினவன் தலையில் போய் விடியும். அதனால் முதலில் துடை, அப்புறம் பார். ஒன்பது வருஷமாக அவள் விரல்கள் இதைச் செய்தன. மனசு அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும்.

வீட்டில் மாஸ்டர் இருந்தார். அவள் கணவர். இருபது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் ஊருக்கே மாஸ்டர், கூடப்பிறந்த தங்கைக்கு மட்டும் அண்ணன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் போடும் சத்தத்தில் தெருவில் போகிற வேற்று வண்டிகளும் பிரேக் போடும் என்பார்கள். பிறகு கியர் மாற்றும் கை முதலில் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. நரம்பு தேய்கிற வியாதி, மருந்து இல்லை, கைக்குப் பிறகு காலும் அதற்குப் பிறகு நாக்கும் போகும் என்று டாக்டர் வரிசை சொல்லிவிட்டார். சொன்ன வரிசை பிசகவில்லை. இப்போது மூன்று வருஷமாக அவருக்கு அசைவது கண்ணும் இமையும் மட்டும்தான்.

அந்த நாக்கு போவதற்கு முன்னால் இன்ஜினியர் தம்பிதான் யோசனை சொன்னான். "அக்கா, சார் குரல் நல்லா இருக்கும்போதே பதிஞ்சு வெச்சுடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." மாஸ்டர் தன் போனில் இரண்டு மணி நேரம் பேசிப் பதிந்தார். எதைப் பேசுவது என்று தெரியாமல் சாலை விதிப் புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை வாசித்தார், நடுநடுவே பழைய மாணவர்களைத் திட்டினார். தம்பி அதை வைத்து ஒரு குரல் செய்தான். ஓரத்தில் கீறல் விழுந்து விற்பனைக்குப் போகாமல் நின்ற ஒரு போர்டில் ஏற்றினான். மூக்குக்கண்ணாடியில் இமையைப் பார்க்கும் ஒரு சின்னக் கருவி, எதிரே எழுத்துகள் ஓடும் திரை, பக்கத்தில் ஸ்பீக்கர். வேண்டிய எழுத்து வரும்போது இமைத்தால் அது நிற்கும், நீளமாக இமைத்தால் போர்டு பேசும். இதையே பெரிய கம்பெனியில் வாங்கினால் வீட்டை விற்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு விற்க வீடும் இல்லை.

குரல் அச்சு அசல் மாஸ்டர் குரல். சாலை விதிப் புத்தகத்திலிருந்து வந்ததால் எல்லாவற்றுக்கும் ஒரே தோரணைதான். "டீ ஆறிப்போச்சு" என்று சொன்னாலும் எதிரே லாரி வருகிற மாதிரிதான் இருக்கும். அவள் நாற்காலியைத் தள்ளும்போது "இடது பக்கம் ஒடி, கண்ணாடியப் பாரு" என்பார். அந்த வீட்டில் அதற்குப் பிறகும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை குறைவில்லாமல் நடந்தது. என்ன, கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவள் திட்டி முடித்துச் சமையலறைக்குப் போய்ப் பாதிப் பாத்திரம் கழுவிய பிறகு பதில் வரும். ஈரக்கையோடு திரும்பி வந்து அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவாள். சில சமயம் வருகிற பேச்சைக் கேட்டு, கூடவே இருக்கும் நாத்தனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, எனக்குக் கடையில் வேலை இருக்கு என்று செருப்பை மாட்டிக்கொள்வாள். வாய் போனாலும் வாய்க்கொழுப்பு போகவில்லை என்று அவள் அண்ணனைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் போர்டு நின்றது. மாஸ்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தையின் பாதியில் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது, திரையில் எழுத்து ஓடாமல் உறைந்தது. அணைத்துப் போட்டாள். மூன்று தடவை அணைத்துப் போட்டும் கிளம்பவில்லை. வெயில் காலத்தில் இப்படி முன்பும் நடந்திருக்கிறது. போர்டு செத்துவிட்டதா, சூடுதானா என்று தெரிந்துகொண்டால் போதும் என்று நினைத்தாள். கழற்றிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். வேலைப் பையில் சோதனைக் கார்டு கிடந்தது.

"ஒண்ணும் இல்லீங்க, நாலு நிமிஷத்துல தெரிஞ்சுடும்" என்றாள். கார்டைச் செருகினாள். பொத்தானை அழுத்திக் கரண்ட் கொடுத்தாள். மூன்று எண்ணி விரலை எடுத்தாள்.

அந்த நாலு நிமிஷமும் அவள் சும்மா இருக்கவில்லை. கஞ்சியை ஆற்றினாள். அவர் கழுத்துத் துண்டை மாற்றினாள். பேச முடியாமல் மாட்டிக்கிட்டீங்களா, இப்பத்தான் வீடு நிம்மதியா இருக்கு என்று வம்புக்கு இழுத்தாள். அவர் கண்ணை உருட்டினார். மேசையில் பச்சை எரிந்தது.

"பாஸ்" என்றாள். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

கார்டைப் பிடுங்கித் திரையை மாட்டிப் பார்த்தாள். எழுத்துகள் இல்லை. பட்டறையில் நாளெல்லாம் பார்க்கும் ஏழு வண்ணப் பட்டைகள் வரிசையாக நின்றன. கோளாறு ஒன்றும் இல்லாத, அப்போதுதான் பிறந்த மாதிரி சுத்தமான போர்டு. மாஸ்டர் அவளைப் பார்த்து ஒரு தடவை இமைத்தார். அவர்கள் வீட்டில் ஒரு தடவை இமைத்தால் ஆமாம் என்று அர்த்தம். பாஸாகிவிட்டதல்லவா, மாட்டு என்று சொல்கிறார்.

"போர்டு நல்லாத்தான் இருக்கு. வேற ஒரு சின்ன வேல பாக்கணும். பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள். பொய் சொல்லும்போது அவளுக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. துடைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தாரோ என்னவோ.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பட்டறையின் பின்கட்டில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று இன்ஜினியர் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேலை மாறி வேறு ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நல்ல பையன், இரண்டாவது மணியிலேயே எடுத்தான். போர்டு துடைக்கப்பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள். யார் துடைத்தது என்று அவன் கேட்கவில்லை.

"கவலப்படாதீங்கக்கா. சிஸ்டம் இருக்கு, இமை பாக்கற புரோகிராம் இருக்கு, எழுத்துத் திரை இருக்கு. எல்லாம் வெளிய பொதுவுல கெடக்கறதுதான், யாரு வேணாலும் எடுத்துக்கலாம். இன்னிக்கே கார்டுல ஏத்தற மாதிரி அனுப்பிடறேன்."

"குரல், தம்பி?"



"குரல் ஃபைல நீங்க நகல் எடுத்து வெச்சிருக்கீங்கல்ல? கெளம்பறப்ப சொன்னேனேக்கா."

சொன்னான். அவளும் சரி என்றாள். அன்றைக்கு அவனை வழியனுப்பக் கேக் வெட்டினார்கள், அந்தக் கலகலப்பில் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு நாளைக்கு, அடுத்த வாரம் என்று போய், போர்டுதான் நன்றாகப் பேசுகிறதே என்று மறந்தே போனாள்.

"உங்க மெஷின்ல இருக்காதா தம்பி?"

"அது ஆபீஸ் மெஷின்க்கா. நான் வேலைய விட்டப்ப வாங்கித் தொடச்சுட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் குடுத்தாங்க. சார் போன்ல பதிஞ்சாரே, அந்த ஒரிஜினல் இருந்தாப் போதும். திரும்ப செஞ்சுடலாம். அத மட்டும் தேடுங்க."

துடைத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கடைசியாகக் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரியும். துடைத்த இடம் முழுக்க மேலே எழுதிப் படித்தும் பார்த்துவிடுகிற கார்டு அது. ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்காது, அதற்காகத்தான் அதைப் பட்டறையே நம்பியது. தம்பி "கஷ்டம்க்கா" என்றான்.

அவள் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதிரே எட்டு போர்டுகள் வேலை செய்துகொண்டிருந்தன. சிப்புக்கு முதலாளி இல்லை, சிஸ்டத்துக்கு முதலாளி இல்லை, எழுத்துத் திரைக்கு இல்லை. உலகத்தில் எந்த மூலையில் தொலைத்தாலும் இன்னொரு மூலையில் சும்மாவே கிடைக்கும். அவள் வீட்டுப் போர்டில் ஒருத்தருக்குச் சொந்தமானது என்று ஒரே ஒரு சாமான் இருந்தது. அது மட்டும்தான் வேறு எங்கேயும் இல்லை. மதியத்துக்கு மேல் அவளிடமிருந்து ஒரு பாஸ்கூட வரவில்லை என்பதைத் திருகாணிக்காரி கவனித்து, தலைவலியா பாஸக்கா என்று மாத்திரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நாத்தனாரிடம் மாஸ்டரின் பழைய போன் எங்கே என்று கேட்டாள். தையல் மெஷின் நின்றது. எதுக்கு என்று நாத்தனார் கேட்க, மறைக்கத் தெம்பு இல்லாமல் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். நாத்தனாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இப்போதும் வந்தது.

"நாள் முழுக்க அதத்தான அண்ணி செய்யறீங்க? எந்த போர்டுல கை வெக்கறோம்னு பாக்க வேண்டாமா? அண்ணன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கு, அது கண்ணெதிரயே தொடச்சிருக்கீங்க."

"ஆமா."

"ஆமாங்கறீங்க."

"வேற என்ன சொல்லணும் நான்? போன் எங்க இருக்கு, அத மட்டும் சொல்லு."

நாத்தனார் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு, "அதக் கடையில குடுத்துட்டுத்தான இந்தப் புது போன் வாங்கினேன்" என்றாள். "அண்ணனுக்கு இனிமே போன் எதுக்குன்னு... நீங்களும் சரின்னுதான அண்ணி சொன்னீங்க." அதற்கு மேல் அவளுக்குத் திட்ட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். அழுகிற சத்தம் உள்ளே கேட்கக் கூடாதே என்று கால் பாட்டுக்கு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் இல்லாமல் துணி நகர்ந்தது.

அந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து சொந்தக்காரர், சிநேகிதர், பழைய மாணவர்கள் எல்லாரையும் கேட்டார்கள். மாஸ்டர் பேசியது எதாவது உங்கள் போனில் கிடக்கிறதா? தேடித் தேடி அனுப்பினார்கள். "வந்துட்டேன், கதவத் தெற." "சாவி மேஜ மேல." "நாளைக்கு ஆறு மணிக்கு வா, லேட்டா வந்தா வராத." ஒருத்தர் கல்யாண வீடியோவில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே மாஸ்டர் சிரிக்கிற சிரிப்பு. எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிஷம் தேறியது. இந்தச் சின்னப் போர்டில் ஓடுகிற குரலுக்கு அரை மணி நேரமாவது வேறு சத்தம் கலக்காத பேச்சு வேண்டும் என்றான் தம்பி. இருந்தாலும் முயற்சி பண்ணி ஒன்று செய்து அனுப்பினான். பட்டறையின் பின்கட்டில் காதில் வைத்துக் கேட்டாள். தண்ணீருக்குள் மூச்சுமுட்டுகிற ஒரு மனுஷன் பேசுவதுபோல் இருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு அவர் இருந்தார், அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. அழித்துவிட்டாள். இந்தத் தடவை தெரிந்தே அழித்தாள்.

இதற்கிடையே வீட்டில் எழுத்து அட்டையை வைத்து ஓட்டினார்கள். அவள் விரலை எழுத்து எழுத்தாக நகர்த்துவாள், அவர் இமைப்பார். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. எப்ப வரும். நாளைக்கு என்பாள். ஆறாவது நாள் அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள், ஈரத்துணி கையில் இருந்தது.

"குரல் போயிடுச்சுங்க" என்றாள். "நான்தான் தொடச்சுட்டேன். பட்டறை நெனப்புல கை செஞ்சுடுச்சு. எங்கயும் நகல் இல்ல. எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வந்தால் வாசலுக்குப் போகலாம், கதவைச் சாத்தலாம், தட்டைத் தள்ளிவிடலாம். அவருக்கு இருந்தது இந்த ஒன்றுதான். ஈரத்துணி காய்கிற வரைக்கும் திறக்கவில்லை. அவள் மறுபடி நனைத்து முதுகைத் துடைத்து முடித்தாள், வேலையை அரைகுறையாக விட முடியுமா?

தம்பி அனுப்பியதைப் போர்டில் ஏற்றினார்கள். அதில் பொதுவில் கிடைக்கிற ஒரு ஆண் குரல் இருந்தது. நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. படித்த ஆள் மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஊருக்கெல்லாம் இருக்கட்டும் என்று பேசிக் கொடுத்தது. அதே குரல் ஆயிரம் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும். முதல் நாள் அது "தண்ணீர் வேண்டும்" என்று சொன்னபோது நாத்தனார் சட்டென்று மேல்துணியைச் சரிசெய்துகொண்டாள், வீட்டுக்குள் யாரோ வந்துவிட்ட மாதிரி.

தண்ணீர். திருப்பிப் படுக்கவை. விளக்கை அணை. போதும். மாஸ்டர் இதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. வம்பு இல்லை, டீ ஆறிப்போச்சு இல்லை, நாற்காலியைத் தள்ளும்போது இடது வலது இல்லை. அவள் வேண்டுமென்றே நாற்காலியைக் கதவில் இடித்துப் பார்த்தாள். திரையில் ஒரு எழுத்துகூட நிற்கவில்லை. திட்டு வாங்கினால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டு வரவே இல்லை. நாள் போகப் போக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக் குரல் வந்த பதினெட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை பகல், நாத்தனார் தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பினாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். அவள் ஸ்டூலை இழுத்து அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, என்னத் திட்டிடுங்க. செஞ்சது தப்புதான், இல்லேன்னு சொல்லல. ஆனா இப்படி வாடகைக்கு வந்தவர் மாதிரி தண்ணி, வெளக்குன்னு மட்டும் பேசாதீங்க. என்னால முடியல. மனசுல என்ன இருக்கோ சொல்லிடுங்க. எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கண் மெதுவாகத் திரைப் பக்கம் போனது. எழுத்துப் பொறுக்கும்போது யாரும் திரையை எட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு மிச்சத்தைத் தாங்களே முடித்துவைக்கிறார்கள் என்பார். அதனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் போர்டு ஒரு சின்னச் சத்தம் போடும். ஒன்று கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுப்பில் பால் பொங்குகிற வாசம் வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. வரட்டும், என்ன வந்தாலும் வரட்டும் என்று கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

சத்தம் நின்றது. ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்தது. பிறகு அதற்குள் இருக்கும் அந்த ஆள், ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்து, மரியாதையாகச் சொன்னான்.

"இந்த ஆள் முன்னாடி வேண்டாம்."

அதையும் அவனேதான் சொன்னான்.